மாப்பிள்ளைக்கு ஒரு பலகை

எங்கள் கட்டடத்தில் அவரை ஸ்டிக்கர் சார் என்றுதான் சொல்வோம். லிஃப்ட் சோதனை அதிகாரி. முப்பத்தொரு வருடமாக லிஃப்டுகளில் மணல் மூட்டைகளை ஏற்றி இறக்கிப் பார்த்து, எத்தனை பேர், எத்தனை கிலோ என்று ஒட்டிவிட்டு வருகிறவர். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. அவர்கள் வீட்டு சோபாவில் ‘மூன்று பேர், 225 கிலோ’ என்று ஒட்டியிருக்கும். புத்தக அலமாரி, பால்கனி நாற்காலி, துணி காயப்போடும் கொடி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை நாங்கள் நாலு பேர் போயிருந்தபோது நாலாவது ஆளை எழுப்பி முக்காலியில் உட்காரவைத்தார். முக்காலியிலும் ஸ்டிக்கர் இருந்தது.

நான் அடுத்த வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கட்டடச் சங்கத்தின் செயலாளர். இந்தக் கூத்தையெல்லாம் ஆரம்பித்துவைத்த கடிதத்தை எழுதியவளும் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவர்கள் வீட்டு நாயின் பெயர் மாப்பிள்ளை. மகள் வேலைக்காக வெளிநாடு போனபோது விட்டுவிட்டுப் போனது. வேளா வேளைக்குச் சாப்பாடு, சோபா நடுவில் படுக்கை, வந்தவர்களைப் பார்த்து எழுந்திருக்கும் வழக்கமே கிடையாது. வைத்த பெயரில் தப்பே இல்லை. எடை முப்பத்தெட்டு கிலோ.

சாரின் மனைவி எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். எல்லாருக்கும் நர்ஸக்கா. ஐம்பத்தாறு வயதில் அவருக்கு ஏரிப் பைத்தியம் பிடித்தது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் ஏரியில், நீளமான ஒரு பலகையின் மேல் நின்றுகொண்டே துடுப்புப் போடக் கற்றுக்கொண்டார். தினமும் காலை ஆறு மணிக்குப் போனால் ஏழரைக்கு வருவார். ஆறு மணிக்கு அவர்கள் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். ஆறு ஒன்றுக்கு மாப்பிள்ளை ஊளையைத் தொடங்குவான். குரைத்தாலாவது நடுவில் மூச்சு விடுவான். ஊளைக்கு அதுவும் தேவையில்லை போலிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் என் பல்லெல்லாம் கூசும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதினேன். மாதக் கடைசிக்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லையென்றால் நாயை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். சங்கத்தின் முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே நர்ஸக்கா வந்து நின்றார். கோபமே இல்லை.

“டீச்சர், நான் ஏரிக்குப் போறத நிறுத்திக்கறேன். பாவம், அவன் எங்க போவான்?”

சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். முப்பது வருடம் அடுத்தவர்களின் கால்களுக்கு மாவுக்கட்டுப் போட்ட மனுஷி, தனக்கென்று எடுத்துக்கொண்ட ஒரே ஒரு சுகத்தை இப்படிச் சிரித்த முகத்தோடு விட்டுக்கொடுத்தது எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் முத்திரை குத்தியாகிவிட்டதே.

பின்னாலேயே நின்ற சார் தொண்டையைக் கனைத்தார்.

“நிறுத்த வேணாம். மாப்ளையும் ஏறிக்கற மாதிரி ஒரு பலகை வாங்கிடலாம். இன்னும் பன்னெண்டு நாள் இருக்குல்ல? சோதனைக்கு ஒரு சாட்சி வேணும். டீச்சர் வந்துடுங்க.”

இந்த வீரவசனத்தைப் பேசியவர் அந்த ஏரிக்கரைக்கு ஒருநாளும் போனதில்லை. நீச்சல் தெரியாது. “தண்ணில எவ்ளோ ஏத்தலாம்னு யாரும் எழுதி வைக்கலயே” என்பார்.

சாட்சிதானே, சும்மா நின்றுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்துக் கடைக்குப் போனேன். விளையாட்டுச் சாமான் கடை. கடைக்காரர் நல்ல பலகை ஒன்றைக் காட்டி, நூற்றைம்பது கிலோ தாங்கும் என்றார்.

“யாரு நின்னு பாத்தாங்க?”

“கம்பெனில போட்டிருக்கான் சார்.”

“கம்பெனில யாரு?”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அது காற்றடிக்கும் பலகை. நாயின் நகம் பட்டால் கிழியாதா என்று சார் கேட்டார். துணி கெட்டி, ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர். சார் சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துப் பிரித்தார். உள்ளே மாப்பிள்ளையின் வெட்டிய நகங்கள், முன்கால் தனி, பின்கால் தனி. ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையைக் கீறிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கடையில் வேறு இரண்டு பேர் பந்து வாங்க வந்திருந்தார்கள். வாங்காமலே போய்விட்டார்கள். எப்படியாவது இடத்தைக் காலி செய்தால் போதும் என்று ஆகிவிட்டது கடைக்காரருக்கு. மூன்று பலகைகளைக் கையில் கொடுத்து, “ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சுப் பாருங்க சார், பிடிச்சத எடுத்துக்குங்க” என்று கும்பிட்டார்.

சனிக்கிழமை காலை ஏரிக்கரை. மணல் மூட்டைகள் ஆபீசிலிருந்து வந்திருந்தன. எழுதியிருக்கும் எடையைவிடக் கால் பங்கு கூடுதலாக ஏற்றிப் பார்ப்பது லிஃப்ட் வழக்கம். நூற்றைம்பதுக்கு நூற்று எண்பத்தேழரை கிலோ. மூன்று பலகைகளும் மூட்டைகளைச் சுமந்துகொண்டு பேசாமல் மிதந்தன.

“மூட்டை அசையாது. மாப்ள அசைவான்” என்றார் சார். “அடுத்தது அசையற பளு. சொன்ன பேச்சக் கேக்கற ஆளா, முப்பத்தெட்டு கிலோவுல வேணும். டீச்சர், நீங்க என்ன எடை?”

“நாப்பத்தொண்ணு” என்று சொல்லித் தொலைத்தேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

“மூணு கிலோ கூட இருக்கறது நல்லதுதான். பாதுகாப்பு.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நர்ஸக்கா தண்ணீரில் முழங்கால் அளவில் நின்றுகொண்டு, பலகையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஏரியை அவரிடமிருந்து பிடுங்கியது என் கடிதம். மாப்பிள்ளைக்கு வாங்கிய மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டேன். கச்சிதமாக இருந்தது. முதுகில் தூக்குவதற்கு ஒரு கைப்பிடி. பலகையின் முன்பக்கம் நாலு காலில் நின்றேன். நர்ஸக்கா பின்னால் துடுப்போடு நின்றார். சார் கரையில் விசிலும் நோட்டுமாக.

“வலது பக்கம் வாத்து!”

நான் வலது பக்கம் பாய வேண்டும். பாய்ந்தேன். முதல் பலகை நீளம், ஒல்லி, முனை கூர். வேகமாகப் போவதற்கு நல்லதாம். கவிழ்வதிலும் அந்த வேகத்தைக் காட்டியது. சார் இடுப்பளவு தண்ணீரில் பயந்து பயந்து இறங்கி, கைப்பிடியைப் பிடித்து என்னைத் தூக்கினார். “கைப்பிடி தேறியது” என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாவது பலகை வாத்தைத் தாங்கியது. “உடம்ப உதறுங்க டீச்சர்!” என்றார். உதறினேன். சரியாக உதறவில்லையாம். “தலைலேருந்து தொடங்கி வாலு வரைக்கும்!” இருபத்துநாலு வருடம் வகுப்பை அடக்கியாண்ட கோபத்தையெல்லாம் சேர்த்து உதறினேன். வழுக்கிக்கொண்டு போய் விழுந்தேன். முன்பக்கத்தில் ரப்பர் விரிப்பு இல்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் சங்கத் தலைவர் நடைப்பயிற்சிக்கு வந்தார். செயலாளர் தலைமுடி சொட்டச் சொட்ட, நாய்ச் சட்டையோடு மூன்றாவது பலகையில் நாலு காலில் ஏறுவதைப் பார்த்தார். “குட் மார்னிங்” என்றார். நானும் அப்படியே நின்று குட் மார்னிங் சொன்னேன். அவர் அதற்கப்புறம் அந்தப் பாதையில் நடப்பதில்லை.

மூன்றாவது பலகை நல்ல அகலம், வால்பக்கமும் சதுரமாக விரிந்தது, முனையிலிருந்து முனைவரை ரப்பர் விரிப்பு. வலது வாத்து, இடது வாத்து, உதறல், திடீரென்று திரும்பி எஜமானி காலை நக்குதல் (நக்கவில்லை, திரும்பினேன், அவ்வளவுதான்) எல்லாவற்றையும் தாங்கியது. நர்ஸக்கா சிரித்துச் சிரித்துத் துடுப்பை நழுவவிட்டார். அப்போதுகூடக் கவிழவில்லை. சார் பச்சை மையில் ‘தகுதி’ என்று எழுதி நீட்டினார். ஈரக் கையால் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிப் போனோம். ஏறச் சொன்னதும் ஏறினான். என் இடத்தில், என் சட்டையில், ராஜா மாதிரி உட்கார்ந்தான். நர்ஸக்கா துடுப்புப் போட்டார். பத்து மீட்டர் போயிருக்கும். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். கரையில் சார் நோட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

ஊளை. சுவர் நடுவில் இல்லாமல் அதைக் கேட்பது எனக்கு முதல் தடவை. அடுத்த நொடி தண்ணீரில் குதித்தான், நீந்திக் கரைக்கு வந்தான், சாரின் காலில் ஒட்டிக்கொண்டு நின்றான். மறுபடி ஏற்றினோம். மறுபடி ஊளை, மறுபடி குதிப்பு. நாலு தடவை. வீட்டில் அவன் அழுதது நர்ஸக்காவுக்காக. இங்கே அழுதது சாருக்காக. இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் அவனுக்கு உலகம் சரியாக இருந்தது.

நர்ஸக்கா பலகையைக் கரையோரம் கொண்டுவந்து நிறுத்தினார். “விடுங்க, போதும். டீச்சர் கடிதத்துக்கு நாளைக்குப் பதில் எழுதிடலாம். இனிமே ஏரி வேணாம்.” குரல் லேசாக உடைந்தது. இத்தனை நாளில் முதல் தடவை.

சார் நோட்டில் எடைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் அறுபத்தேழு, அக்கா ஐம்பத்தெட்டு, நாய் முப்பத்தெட்டு. “நூத்தி அறுபத்திமூணு. பதிமூணு கிலோ கூட வருது.”

“நூத்தி எண்பத்தேழர கிலோ மணலு ஏறலயா சார்?” என்று கத்திவிட்டேன். “நான்தான் சாட்சி!”

“சோதனை வேற டீச்சர், அனுமதி வேற. முப்பத்தொரு வருஷத்துல ஒரு கிலோ கூட நான் விட்டதில்ல.”

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். அவர் குனிந்து, பலகையோடு சேர்த்துக் காலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சார் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். அக்காவின் பழைய மிதவைச் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார். நான் சரிசெய்து மாட்டிவிட்டதும், செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு பலகையின் நடுவில் போய்த் தவழ்ந்து உட்கார்ந்தார். பலகை கொஞ்சம் அமிழ்ந்தது. மாப்பிள்ளை யாரும் கூப்பிடாமலே ஏறி, அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டான்.

போனார்கள். பத்து மீட்டர், இருபது, ஐம்பது. ஒரு சத்தம் இல்லை. சார் மட்டும் இரண்டு பக்கமும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “வேகமா வேணாம், வேகமா வேணாம்” என்று முனகிக்கொண்டே போனார்.

அப்புறம் அவர் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்திருக்க வேண்டும். அமைதியான தண்ணீரில் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

“பாத்தியா, நானும் வரணும்னு எவ்ளோ பிடிவாதம் பிடிச்சிருக்கான்” என்றார் பெருமையாக.

நர்ஸக்கா துடுப்பை நிறுத்தவில்லை.

“முதல் நாள்லேருந்து நானும் அதையேதாங்க சொல்லிட்டிருக்கேன்” என்றார். “ஊளதான் விடல.”