கடிபட்ட இலை

அலுவலகத்தில் என் அக்காவுக்குப் பூச்சி என்று பெயர். அக்கா என்றால் பெரியம்மா மகள். எனக்கு முன்பே இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்தவள். நான் வந்து இறங்கிய அன்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவள். திரைச்சீலைக்கும் படுக்கை விரிப்புக்கும் துணி அச்சடிக்கும் கம்பெனியில் டிசைனர். கொடி, இலை, பூ, மொட்டு என்று வரைந்துதான் இத்தனை காலம் பிழைத்தாள்.

துணி டிசைன் என்றால் பெரிய படம் ஒன்றும் இல்லை. ஒரு சதுரம். அது மேலும் கீழும் இடமும் வலமும் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டே போகவேண்டும். ஒட்டு தெரிந்தால் தொலைந்தது. துணி முழுக்கக் கட்டம் கட்டமாகக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அக்கா வரைந்த காகிதத்தைக் குறுக்கே வெட்டி, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து ஒட்டி, அந்த ஒட்டின் மேல் புது இலை ஒன்றை வரைந்து மூடுவாள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதல் சதுரம் காகிதத்தில்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சரியாக அந்த ஒட்டின் மேல் மை சொட்டிவிட்டது. பிளேடால் சுரண்டினாள். காகிதம் பொத்துக்கொண்டு, இலையின் ஓரம் புழு கடித்த மாதிரி ஆயிற்று. திரும்ப வரைய நேரமில்லாமல் அப்படியே கொடுத்துவிட்டாள். துணி கடைக்கு வந்தபோது ஒருவரும் கவனிக்கவில்லை. துணியின் கரையில் கம்பெனி பெயர் இருந்தது, எந்தெந்த நிறம் என்று காட்டும் வட்டங்கள் இருந்தன, வரைந்தவள் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அந்தக் கடியைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அது தன்னுடையது என்றே உறைத்ததாம். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசைனிலும் ஒரே ஒரு இலை கடிபட்டிருக்கும். கூட வேலை செய்தவர்கள் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் மகளுக்கு அது விளையாட்டு. எந்தத் துணிக்கடைக்குள் நுழைந்தாலும் விரல் நீட்டிக்கொண்டு ஓடுவாள். “சித்தி, இங்க அம்மா கடிச்சிருக்கா” என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். விற்பனைப் பெண்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

படம் வரையும் செயற்கை நுண்ணறிவு அலுவலகத்துக்கு வந்த அன்று முதலாளி கேக் வெட்டினார். எல்லோருடைய சுமையும் குறையும் என்றார். நன்றாகவே குறைந்தது. அடுத்த சில மாதங்களில் அக்காவின் இரண்டு பக்கத்து மேசைகளும் காலியாயின. அவளை மட்டும் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் அதற்கு ஒட்டு போடத் தெரியவில்லை. ஒரு வரி தட்டினால் கூடை கூடையாகப் படம் கொட்டும். அவள் பொறுக்கி, ஒட்டைச் சரிசெய்து, அச்சுக்கு அனுப்பவேண்டும். பென்சிலைத் தொட்டு வாரக்கணக்கு ஆகிறது என்று ஒருமுறை சொன்னாள்.

“சமையல்காரியைக் கூப்பிட்டு, நீ இனி தட்டு மட்டும் கழுவுன்னு சொன்ன மாதிரி இருக்குடி” என்றாள்.

எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. என் மேசைக்கும் அதே விருந்தாளி வந்தாயிற்று. பொறுமையாக இரு, விசாவை நினைத்துப் பார் என்று நான்தான் அவளுக்குச் சொன்னேன். எங்களைப் போல வந்தவர்களுக்குக் கோபம்கூட அனுமதிச் சீட்டோடுதான் வரவேண்டும்.

ஆரம்பத்திலேயே அவள் முதலாளியிடம் கேட்டிருக்கிறாள், என் டிசைன்களையும் அதற்குள் போட்டீர்களா என்று. அவர் சிரித்தாராம். உலகத்தில் இருக்கிற படத்தையெல்லாம் பார்த்துக் கற்றது, உங்களுடையது அதற்கு எதற்கு என்றாராம். அவளுக்கே அது நியாயமாகப் பட்டது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்ததாம்.

பிறகு ஊர் ஊருக்குக் கிளை உள்ள பெரிய கடைத்தொடர் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. புதுத் தொகுப்பு முழுவதையும் செயற்கை நுண்ணறிவை வைத்தே செய்யவேண்டும் என்று முடிவு. முதல் படம் திரையில் வந்தது. கொடி, அகலமான இலைகள், ஓர் இலையின் ஓரத்தில் கடி. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்தாள். அடுத்த படத்தில் இரண்டு கடி. அதற்கடுத்ததில் மூன்று இலைக்கு ஒன்று. இலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அது முடிவு செய்துவிட்டது போல, பிளேடு சுரண்டிய அதே வளைவு, அதே பிசிறு. திரை முழுக்க அவளுடைய கடிகள்.

முதலாளியும் அவற்றைப் பார்த்தார். அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: கிழிந்த இலைகள் நிறைய வருகின்றன, இது பிழை, எல்லாவற்றையும் முழுமையாக்கி அச்சுக்கு அனுப்பவும்.

அக்கா அவர் அறைக்குப் போனாள்.

“இது பிழை இல்லை சார், என் கையெழுத்து. என் வேலையை அள்ளித்தான் அதுக்குப் போட்டிருக்கீங்க. என்கிட்ட போடலைங்கற மாதிரி சொன்னீங்க.”

“கம்பெனியில வரைஞ்சது கம்பெனிக்குத்தானே சொந்தம்? கோபப்படாதீங்க. உங்களை வெச்சிருக்கோம்ல?”

“அப்ப என் பேரைக் கரையில போடுங்க.”

கரையில் பெயர் போட்டால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்று அவர் சொன்னார். எல்லோரும் என்றால் யார் என்று அவள் கேட்டாள். அலுவலகத்தில் அவளைத் தவிர வேறு டிசைனரே இல்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. அத்தான் பேருந்து ஓட்டுபவர். எந்தச் சண்டையையும் ஓரமாக ஒதுக்கி நிறுத்தப் பார்ப்பவர். அச்சுக்குப் போகிற கடைசி ஃபைல் உன் கையில்தானே இருக்கிறது, இலையைச் சரிசெய்துவிட்டுக் கரையில் மட்டும் சின்னதாக ஒரு கடியைப் போட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

“கரையை மடிச்சு உள்ள தைச்சிடுவாங்க. இத்தனை வருஷம் ஒளிஞ்சு ஒளிஞ்சு போட்டாச்சுங்க. இதுக்கு மேல எங்க போய் ஒளியணும் நான்?” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அவள் ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. வேலை போனாலும் அழிக்க மாட்டேன் என்று என்னிடம் ஃபோனில் சொன்னாள். கடைத்தொடரின் கொள்முதல் அதிகாரி பார்வையிட வந்த நாளிலும் மாதிரித் துணிகள் கடிகளோடுதான் மேசையில் கிடந்தன. வந்தவர் ஒரு பெண். முதலாளி முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அக்கா குறுக்கே புகுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: மை சொட்டியது, பிளேடு, மகளின் விளையாட்டு, கேட்காமல் எடுத்தது, எல்லாம்.

அந்த அம்மாள் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். கண் பளபளத்தது.

“அருமையான கதை. இதை அழிக்கவே கூடாது. ஒரு துணிக்கு ஒரு கடி போதும். விலைச் சீட்டுல போடுவோம், எங்க இருக்குன்னு கண்டுபிடிங்கன்னு. மனிதக் கை பட்டதுன்னு ஒரு வரி. சனங்க இப்ப அதைத்தான் தேடுறாங்க.”

முதலாளி ஒரு நொடியில் கட்சி மாறினார். தானும் அதைத்தான் நினைத்ததாகச் சொன்னார்.

“அந்தக் கைக்குப் பேர் இல்லையா?” என்று அக்கா கேட்டாள்.

சீட்டு சின்னது, இடம் போதாது என்று அந்த அம்மாள் வருத்தத்தோடு சொன்னார். நிஜமாகவே வருத்தம்தான், அதுதான் இன்னும் கேவலம் என்றாள் அக்கா. பிறகு இரண்டு பேரும் சீட்டு எந்த நிறம் என்று பேச ஆரம்பித்தார்கள். அவளுடைய கோபத்தை மடித்துப் பையில் போட்டு விலை ஒட்டியாயிற்று.

சீட்டு அன்றே அச்சகத்துக்குப் போனது. கடிகளில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று யாரும் எழுதித் தரவில்லை. பூச்சிக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார்கள்.

பூச்சி உட்கார்ந்தாள். மாட்டேன் என்று இத்தனை நாள் சண்டை போட்ட வேலையைச் செய்தாள். ஒவ்வொரு படமாகத் திறந்து, ஒவ்வொரு கடியாக மூடினாள். நரம்பு இழுத்து, ஓரம் வளைத்து, நிறம் சேர்த்து, ஒன்று விடாமல். ஒட்டின் மேல் இருந்த இலைகளையும். எல்லாம் முடிந்ததும் ஃபைலை அச்சுக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதினாள்.

துணி அச்சாகி மடித்துக் கட்டிய பிறகுதான் முதலாளிக்கு விஷயம் தெரிந்தது. ஃபோனில் குதித்திருக்கிறார். அவள் குரலை உயர்த்தவில்லையாம். உயர்த்துகிற ஆள்தான், அன்றைக்கு உயர்த்தவில்லை.

“எல்லா இலையையும் முழுசாக்கி அனுப்புன்னு நீங்கதானே எழுதினீங்க. அதை மாத்தி நீங்க எழுதவே இல்லையே. சொன்ன வேலையை முடிச்சுட்டேன் சார்.”

அப்படிச் செய்திருக்க வேண்டுமா என்று நான் அவளிடம் கேட்டேன். அடுத்த வேலை கிடைக்கவேண்டும், விசாவுக்குக் கெடு இருக்கிறது, எனக்குப் பயம். “அழிக்கச் சொன்னப்ப அழிக்கலை. விக்கக் கேட்டாங்க, அழிச்சேன். என்னுதுடி அது” என்றாள். பயத்தில் வாதாட வந்தவள் நான். அவளுக்கு வேலை விளம்பரம் தேட உட்கார்ந்தேன்.

இன்னும் வேலை கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் நேர்காணல். மூன்றிலும் ஒட்டு போடத் தெரியுமா என்றுதான் கேட்டார்களாம், வரையத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தான் இரட்டை ஷிஃப்ட் ஓட்டுகிறார்.

போன வாரம் தலையணை உறை வாங்க அவள் மகளோடு அந்தக் கடைக்குப் போனேன். நுழைந்ததும் அந்தத் திரைச்சீலைகள், கூரையிலிருந்து தரை வரை. ஒவ்வொன்றிலும், அச்சடித்தாயிற்றே என்று அப்படியே கட்டிவிட்ட சீட்டு: ஒரு கடிபட்ட இலை இதற்குள் ஒளிந்திருக்கிறது, கண்டுபிடியுங்கள். மனிதக் கை பட்டது. ஒரு கணவனும் மனைவியும் துணியை விளக்குக்கு நேராகப் பிடித்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். விற்பனைப் பெண்ணும் குனிந்து தேடினாள். எல்லோரும் கேட்கிறார்கள், தன் கண்ணுக்கும் அகப்படவே இல்லை என்று எங்களிடம் சலித்துக்கொண்டாள்.

அக்கா மகள் இப்போது வளர்ந்துவிட்டாள், கடையில் ஓடுவதில்லை. துணியின் அருகில் போய் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். அம்மா செய்தது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

“தேடாதீங்க. அதுல யாரும் இல்லை” என்று விற்பனைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். தலையணை உறை வாங்கவில்லை.