நேஷனல் பெர்மிட் இல்லாத பட்டம்

என் மகள் பெங்களூரில் நர்சிங் படித்துப் பட்டம் வாங்கினாள். அங்கேயே நர்ஸாகப் பதிவும் செய்துகொண்டாள். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. நாமக்கல்லில் லாரி வைத்துப் பிழைக்கிறவன் நான். பட்டமும் நேஷனல் பெர்மிட் மாதிரிதான், எந்த மாநிலத்திலும் ஓடும் என்று நம்பித் தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டேன்.

சேர வேண்டிய வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கர்நாடகப் பதிவு இங்கே செல்லாதாம். அங்கிருந்து தடையில்லாச் சான்று வந்து, தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவானால்தான் நோயாளியைத் தொடலாமாம். மாதக் கடைசிவரை இடத்தை வைத்திருப்பார்களாம். அப்புறம் வேறு ஆள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. உவமைக்குச் சொல்லவில்லை.

"ஏனுங்க, கக்கூசுக்கும் வாசலுக்கும் நடந்தது போதுமுங்க. உக்காருங்க," என்றாள் மனைவி.

எங்கள் தொழிலில் ஆபத்து வந்தால் கடவுளுக்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கரைத்தான் கும்பிடுவோம். கூப்பிட்டேன்.

"அண்ணா, லாரின்னா அடிச்சட்டத்துல இருக்கற சேஸ் நம்பரைப் பென்சில்ல தேச்சு எடுத்துட்டுப் போயி முடிச்சுருவேனுங்க. புள்ளைக்கு எங்கீங்க தேய்க்கறது?" என்றார் அவர்.

கேட்டுக்கொண்டிருந்த மகள் போனைப் பிடுங்கி வைத்தாள்.

"அப்பா, தடையில்லாச் சான்று கேட்டு நான் அப்பவே பெங்களூருக்கு எழுதிப் போட்டுட்டனுங்க. என்ன படிச்சேன், எந்த வார்டுல எத்தன நாளு பழகுனேன்னு இங்கத்த கவுன்சில்ல அவிய பாக்க வேண்டாமுங்களா? லைசென்ஸ் பாக்காம யாருகிட்டயாச்சும் வண்டியக் குடுப்பீங்களா நீங்க?"

"வண்டி வேற, இது வேற சாமி."

"ஆமாங்க. வண்டி கவுந்தா நெல்லுதான் கொட்டும்."

அவள் சொன்னது நியாயந்தான். இருந்தாலும் தினமும் காலையில், "வந்துருச்சா?" என்று கேட்பதை நிறுத்த முடியவில்லை. "வந்தா உங்களுக்குத்தான் மொதல்ல ஊசி," என்று ஒருநாள் சொன்னாள். மாதக் கடைசி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. லட்டு தின்றவர்கள் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பினேன்.

கடைசி வாரத்தில் சான்று வந்தது. அவள் சென்னைக்குப் போய் மூலச் சான்றிதழ்களைக் காட்டிப் பதிவை முடித்துக்கொண்டு மாதம் முடிவதற்குள் திரும்பிவிட்டாள். வேலைக்கு முதல் நாள் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டேன். வெள்ளை உடுப்பில் உள்ளே போனவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாடா என்று திரும்பும் வழியில் ராசிபுரம்வரை வந்திருப்பேன். இனிமேல் நோயாளிகளின் உசுரு இவள் கையில் என்று அப்போதுதான் உறைத்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கக்கூஸ் எங்கே என்று விசாரித்தேன்.