ஒன்றாம் எண் பாட்டில்

மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது, பல்கலைக்கழக மாணவர்கள் சனிக்கிழமைகளில் அவள் பள்ளிக்கு வந்து, சுற்றுச்சூழல் ஆராய்ச்சி எப்படிச் செய்வது என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். என் மகளின் குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவள் சிவகிரிப் பக்கத்துப் பெண், எம்.எஸ்சி. படிப்பவள். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து, சோப்பும் ஷாம்பும் போட்டுக் குளிக்கிற கூட்டம் சிற்றாற்றுத் தண்ணீரை என்ன செய்கிறது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. மூன்று இடங்களில் தண்ணீர் எடுக்க மூன்று பாட்டில்கள். ஒன்றாம் எண், யாரும் குளிக்காத மலையடி ஓடைக்கு. இரண்டாவது அருவிக்குக் கீழே. மூன்றாவது தென்காசிப் பாலத்தடியில்.

தண்ணீர் எடுக்கப் போவதற்கு முந்தின நாள் பாட்டில்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. அவற்றை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று மகள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சமையல் மேடையில் இருந்த ஒன்றாம் எண் பாட்டிலில் எறும்பு ஏறியிருந்தது. பிள்ளை கொண்டுபோகிற பாட்டிலாயிற்றே என்று, அவளுடைய தண்ணீர் பாட்டிலைக் கழுவுவது போலவே பாத்திர சோப்புப் போட்டு, பிரஷ் விட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மகள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். சோப்பு இருந்தால் நீலம் காட்டும் மருந்தை விட்டதில், ஒன்றாம் எண்ணிலும் நீலம் ஏறியிருக்கிறது. மேலே இருக்கிற விடுதிகளின் கழிவாக இருக்கலாம் என்று வழிகாட்டி அக்கா சொன்னாளாம். பள்ளிக் கண்காட்சியில் அவர்கள் குழு சொல்லப்போவதே அதைத்தான்.

"நான்தாம்மா பேசப்போறேன். ஓடையில தண்ணி எடுத்தது நான்லா."

அப்போதுதான் பாட்டிலை எப்படிக் கழுவினீர்கள் என்று கேட்டேன். ஓடைத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசினோம் என்றாள். சோப்பே படக் கூடாதாம்.

மறுநாள் அவள் இல்லாத நேரம் வேறொரு பாட்டிலைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, மூன்று தரம் அலசிக் குலுக்கிப் பார்த்தேன். ஒரு முறை நுரை வந்தது. ஒரு முறை வரவில்லை. ஓடையில் உண்மையிலேயே சோப்பு இருந்தால், நான் வாயைத் திறந்து நல்ல கண்டுபிடிப்பு ஒன்றைக் கெடுத்தவளாவேன். இல்லாவிட்டால் என் பிள்ளை மேடையேறி, தனக்குத் தெரியாமலே பொய் சொல்வாள். கண்ணாடி முன்னால் அவள் பேசிப் பழகுவதைக் கேட்டுக்கொண்டே நான்கு நாள் இருந்தேன். ஐந்தாம் நாள் வழிகாட்டிப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

அவள் கோபப்படவில்லை. "பிள்ளைககிட்ட சொன்னேன்க்கா. வீட்டுல உள்ளவங்ககிட்டயும் சொல்லணும்னு எனக்குத் தோணாமப் போச்சு" என்றாள். மறுபடி எடுக்கலாமே என்று கெஞ்சினேன். மலையில் விடாத மழை, அருவியில் வெள்ளம், ஓடைப் பக்கம் யாரையும் விடவில்லை. கண்காட்சிக்கு இரண்டே நாள். "அட்டையில ஒண்ணாம் நம்பர் வரிசையை எடுத்துர வேண்டியதுதான்க்கா."

மகளிடம் நானே சொன்னேன். அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். முடிவுகளைக் கட்டம் போட்டு எழுதியிருந்த கண்காட்சி அட்டையை எடுத்து விரித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அங்கன சோப்பு உண்டுமா, இல்லையாம்மா?"

"தெரியலையேட்டி."

கண்காட்சியில் அவள் மேடையேறவில்லை. மேஜைக்குப் பின்னால் நின்றாள். ஒன்றாம் எண்ணுக்கு நேரே நீலம் தீட்டி அழித்த கட்டம் அழுக்காகத் தெரிந்தது. மதிப்பெண் போட வந்தவர் அதில் விரலை வைத்து, "இது ஏம்மா காலியாக் கெடக்கு? சோம்பலா?" என்று சிரித்தார்.

நான் பெற்றோர் கூட்டத்தில் நாலடி தள்ளி நின்றேன். மகள் என் பக்கம் திரும்பவில்லை.

"பாட்டில் கழுவுனதுல தப்பு நடந்துட்டு சார். நாங்கதான் கவனிக்கல."

அவர் தாளில் ஏதோ எழுதினார். கழுவியது நான் என்று சொல்லியிருக்கலாம். அம்மா குறுக்கே வந்து பேசினால் அவளுக்கு இன்னும் அவமானமோ என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.