பாட்டில் நுழையாத கால்சட்டை

ஓனி என்ற பெயரை எங்கள் சந்து முதலில் கேட்டது அறுபத்தைந்தாம் வருடம், என் மாமியாரின் தங்கை வாயிலிருந்துதான். "ஒட்டிப் பிடிக்கிற மாதிரி தைக்கணுமா? ஓனிகிட்டப் போ. போட்டா கால்சட்டையா தோலான்னு தெரியாது."

எங்கள் பாண்டுங் நகரில் கித்தார் தொட்ட பையன்களுக்கெல்லாம் அப்போது அதே பைத்தியம். கூர்மூக்குச் சப்பாத்து, எண்ணெய் தடவி நெற்றியில் சுருட்டிவிட்ட முடி, காலைக் கவ்வும் ஜெங்கிக் கால்சட்டை. வெள்ளைக்காரன் கூத்து என்று போலீஸ் தெருவில் மறித்தது. கால்சட்டையின் கீழ்வாய் வழியாக ஒரு பாட்டிலை விடுவார்கள். முழங்கால்வரை ஏறாவிட்டால் கத்திரிதான், துணிக்கும் முடிக்கும்.

தையல்காரி ஓனி மனதில் இருந்தவன் கித்தார்காரன் ஜுஹாரா. அவள் அப்பா ஹாஜி இதிங் பள்ளிவாசலில் ஓதிக்கொடுப்பவர். பெண் கேட்டு வரச் சம்மதித்தவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "போலீஸ் சிரைச்ச தலையோட வந்தா, அப்படியே திரும்பிப் போகச் சொல்லு."

"தொளதொளன்னு மாட்டிக்கிட்டு வாங்களேன்" என்று ஓனி கெஞ்சினாள்.

"இன்னொருத்தன் வேஷத்துல வந்து உன்னைக் கேட்கவா?" என்றான் அவன்.

வேறு வழியின்றி அவளே புதிதாகத் தைத்தாள். அடுப்படியிலிருந்த சோயா சாஸ் பாட்டிலை விட்டுப் பார்த்து, அது வழுக்கிக்கொண்டு ஏறும் அளவுக்கு மட்டும் இடம் வைத்தாள்.

பெண் கேட்டு வரும் ஞாயிறு காலை. கொண்டைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். ரிக்‌ஷாக்கார ஓதிங் வாசலில் கத்தினான்: "அக்கா, மாப்பிள்ளையைப் பாலத்துல பிடிச்சிட்டாங்க!"

தையல் மிஷின் மேல் கிடந்த பாதி பிளேடை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பாலத்தில் கூட்டம். ஜுஹாரா ஒரு காலை நீட்டி நிற்கிறான். பக்கத்தில் அவன் சித்தி ஏரோ, கொண்டுவந்த தொதல் இனிப்புத் தட்டோடு. போலீஸ்காரர் கையில் கறுத்த, தடித்த பாட்டில். அது கணுக்கால் தாண்டி நின்றுவிட்டது. இன்னொருவர் கத்திரியை எடுத்தார்.

"அல்லா! அது என்ன பாட்டில்?" என்றாள் ஓனி.

"பீர் பாட்டில். பின்னே, உங்க வீட்டு அடுப்படிப் பாட்டிலா?"

கூட்டம் சிரித்தது. ஹாஜி வீட்டில் பீர் பாட்டிலை யார் கண்டது!

"வெட்டாதீங்க ஐயா. தைச்சவ நான். நானே பிரிச்சிடறேன். பாட்டில் ஏறிடுச்சுன்னா முடியைத் தொடக் கூடாது."

"ஏறலைன்னா?"

"என் கொண்டையை வெட்டுங்க."

அவர் பாட்டிலை உருவி, சரியென்று தலையை அசைத்தார்.

அவள் நடுத்தெருவில் மண்டியிட்டு அவன் காலைப் பிடித்தாள்.

"ஓனி, ஊரே பார்க்குது…"

"அசையாதீங்க. பிளேடு."

ஒவ்வொரு தையலாக அறுத்தாள். முழங்கால்வரை பிரிந்ததும் போலீஸ்காரர் பாட்டிலை விட்டார். தடையில்லாமல் ஏறியது. மறுகாலுக்கும் அதுவே. கத்திரி பைக்குள் போனது.

பிரிந்த துணி படபடக்க ஜுஹாரா, ஹாஜி வீட்டு வாசலுக்கு வந்தான். நெற்றிச் சுருள் கலையவில்லை. ஆனால் சேதி அவர்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. சித்தி தட்டைக் கீழே வைக்கவும் பயந்தாள்.

"நடுத்தெருவுல இவ உங்க காலைப் பிடிச்சாளாமே?" என்றார் ஹாஜி.

"ஆமாங்க" என்றான் ஜுஹாரா.

"ஊரே பார்த்த பிறகு இனி வேற எவனுக்கு இவளைக் கொடுக்கிறது? உட்காருங்க. முதல்ல அந்தப் பாவாடையை யாராவது ஊசி குத்தி மூடுங்கப்பா."

ஜுஹாரா காலமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. ஓனி இப்போது பக்கத்து ஊரான சிமாஹியில், மூத்த மகள் வீட்டில் இருக்கிறாள்.