மூடியில்லாத ஜெர்மன் கூஜா

பழைய சாமான் கடையில் பொருளை விற்பதைவிட, ‘இது என்ன, எந்த ஊரு?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. அதே தொழிலில் மாட்டிக்கொண்டிருப்பவர்களே, அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஆளுக்குப் பாதி

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் பீங்கான் காபிக் கூஜா ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். ஜெர்மன் சாமான். வயிற்றைச் சுற்றி ஆறு, பாலம், மலைமேல் கோட்டை என்று படம். அடடா, என்ன வேலைப்பாடு! மூடிதான் இல்லை. மகள் கல்யாணத்தில் சீர்ச் சாமான்களை ஊர் பார்க்கப் பரப்பும்போது இதையும் வைக்க வேண்டும், மூடியில்லாமல் வைத்தால் மானம் போய்விடும் என்றார்.

பழைய மூடி எங்கே? கணவரும் கொழுந்தனாரும் பாகம் பிரித்தபோது எல்லாம் சரிபாதி. கூஜா ஒன்றே ஒன்று. ஆகவே கூஜா அண்ணனுக்கு, மூடி தம்பிக்கு! அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அண்ணனான ஆச்சியின் கணவர் இப்போது பினாங்கில். கொழுந்தனாரிடமே கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.

“நாம மூடியைக் கேட்டா, அவுக கூஜாவைக் கேப்பாக.”

தண்ணீர்க் கவலை

வேறு மூடி தேடித் தருவதாகச் சொல்லிக் கூஜாவை வாங்கி அலமாரியில் வைத்ததுதான் தாமதம், வந்தவர்களெல்லாம் அதையே பார்த்தார்கள். படத்தில் இருப்பது கொடைக்கானல்தான் என்று ஒருவர் சத்தியமே செய்தார். குத்துவிளக்கு வாங்க வந்த ஒக்கூர்ப் பெண் ஒருவர், விளக்கை மறந்துவிட்டுக் கூஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆறு இங்குட்டு ஓடுது, வீடு அங்குட்டு மலை மேல இருக்கு. அந்தப் பொம்பளைக தண்ணிக்கு எம்புட்டுத் தூரம் நடப்பாக?”

ரோஜாப்பூ மூடி

நேமத்தான்பட்டி வரை அலைந்து, அளவு பொருந்தும் மூடி ஒன்றைப் பிடித்தேன். அதில் ரோஜாப்பூ. எனக்கு ஒரே சந்தோஷம். ஆச்சி மூடிப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது.

“உடம்பு ஒரு ஊரு, தலை ஒரு ஊரு. மாப்பிள்ளை வீட்டுக்காரக கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?”

தம்பி வீட்டில்

வேறு வழியின்றி, ஆச்சிக்குத் தெரியாமல் கொழுந்தனார் வீட்டுக்கே போனேன். மூடி அங்கே சீனி டப்பாவின் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. விலை கேட்டேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“விலைக்கு இல்லை. அண்ணன் மக எனக்கும் மகதான். அண்ணி நேர்ல வந்து கல்யாணம் சொல்லட்டும், எம் பங்குச் சீரா நானே கொண்டாந்து மூடுறேன்.”

ஆச்சியின் பதில்

திரும்பி வந்து ஆச்சியிடம் அப்படியே சொன்னேன். திட்டப்போகிறார் என்று பார்த்தால், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வெத்தலை பாக்கு வாங்கிட்டு வாரேன். அதுக்குள்ள வண்டி பிடிங்க.”

வாங்காமலும் விற்காமலும் என் கடையில் நடந்த உருப்படியான வியாபாரம் அது ஒன்றுதான்.