பத்துப் பிரதியும் ஓர் ஓட்டையும்

எழுபதுகளில் பதுளைக் கடைவீதியில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவிக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு படக் கலைஞர் எங்கள் இருட்டறையை வாடகைக்கு எடுத்தார். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அவர் படம் பிடித்திருந்தார். நல்ல படம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். பத்தே பிரதி போட்டு ஒவ்வொன்றிலும் இலக்கமும் கையெழுத்தும் இட்டார். சோதனைத் தாள்களைக் கிழிக்கச் சொன்னார். பிறகு நெகட்டிவில், சரியாக அவள் முகத்தில், ஓட்டை போட்டுக் குப்பைக்கூடையில் எறிந்தார். பதினோராவது பிரதி வந்தால் வாங்கியவர்களுக்குத் துரோகமாம். அந்தப் பெண்ணுக்கு ஒன்று கொடுக்கலாமே என்றேன்.

"அவளுக்கு எதுக்கு?" என்றார்.

மறுவருடம் அவள் காய்ச்சலில் செத்துப்போனாள். ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த அவளுடைய தாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எம் மகளப் புடிச்ச படத்த இங்கதான் கழுவுனாங்களாம். ஒண்ணு போட்டுக் குடுங்கய்யா. பொதச்ச எடத்த விட்டுட்டுப் போறேன், மொகத்தையாவது கொண்டு போறேன்."

பிரதிகளில் ஒன்று அவர்கள் தோட்டத்துத் துரையின் பங்களாவிலேயே தொங்கியது. அதை வைத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டுப் போனேன். துரை நாற்காலி தந்து மரியாதையாகத்தான் பேசினார். தாள் தன்னுடையது, உரிமை கலைஞருடையது, நகல் எடுத்தால் இருவருக்கும் நஷ்டம் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் கொடுக்கவில்லை. முகம் யாருடையது என்று கேட்டேன். தேநீர் ஆறுகிறது என்றார்.

அன்றே குப்பைக்கூடையிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த ஓட்டை நெகட்டிவைப் பிரதி போட்டுத் தாயிடம் காட்டினேன். கொழுந்துக்கூடை இருந்தது, விரல்கள் இருந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டையின் கறுப்பு வட்டம். அவள் அந்த விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஓட்டையில எம் மொகத்த ஒட்டிருங்கய்யா. அவ எஞ் சாடதான்."

மிஞ்சிய பாஸ்போர்ட் படத்தில் தாயின் முகத்தை வெட்டி ஒட்டினேன். சுருக்கங்களைத் தூரிகையால் மறைத்து, ஒட்டியதை மறுபடி படம் எடுத்தேன். செத்தவர்கள் படத்தில் மூடிய கண்ணைத் திறந்ததுபோல் வரைந்து பெயர் வாங்கியவன் நான்.

ரயில் ஏறும் நாளில் வந்தாள். மகள் படத்துக்குப் போடப் பூச்சரம் கொண்டுவந்திருந்தாள். படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது நாந்தாங்கய்யா," என்றாள்.

உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடுவதில்லை. படத்தை என் மேசையில் வைத்துவிட்டு, பூவை மடியில் முடிந்துகொண்டு ரயிலுக்கு நடந்தாள்.