சாம்பல் நிறத்தில் ஒரு வீட்டு வரிசை

மலாய்த் தீவு நகரமான ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களுக்குக் கலை, பண்பாட்டுத் திட்டம் ஒன்று தயாரானபோது, வீடு வீடாகப் போய்த் தகவல் சேகரிக்கும் ஒப்பந்த வேலை எனக்குக் கிடைத்தது. "உங்கள் வீட்டில் கலை, பண்பாட்டு நடவடிக்கை ஏதேனும் உண்டா?" என்பதுதான் தாளில் முதல் கேள்வி. சுலபமான கேள்வி என்று நினைத்திருந்தேன்.

ஒரு சந்தில் எட்டு வாடகை வீடுகள். முதல் ஏழிலும் 'இல்லை' என்றார்கள். கடைசி வீட்டுக் கதவைத் துறைமுகச் சீருடையில் ஒருவர் திறந்தார். கேள்வியைப் படித்தேன்.

"ஒண்ணும் இல்லம்மா. வேலைக்குப் போறோம், வர்றோம்" என்றார்.

அவருக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, போர்வை மூடியும் மறையாமல் உருமி மேளங்கள் தெரிந்தன. கோவில் திருவிழாவில் ஒரு குழுவுக்கு முன்னால் நின்று அவர் வாசித்ததை நான் பார்த்திருக்கிறேன். இருந்தும் 'இல்லை' என்றே எழுதிக்கொண்டேன். அவர் ஏன் மறைக்கிறார் என்று புரிந்தது. அடுத்த தெருவில் சுவரில் படம் வரைந்தார்கள். படமெடுக்கக் கூட்டம் வந்தது. காப்பிக்கடைகள் வந்தன. வாடகை ஏறியது. இப்போது அங்கே குடியிருப்பவர் யாருமில்லை.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்தில் வரைபடத்தை மாட்டினார்கள். கலை இருந்த இடமெல்லாம் வண்ணம். அந்த எட்டு வீடுகள் மட்டும் சாம்பல் நிறம். மேலதிகாரியிடம் கேட்டேன்.

"அங்க ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே எழுதினீங்க? அந்த வரிசைய கலைக்கூடமா மாத்துற பிளான்" என்றார்.

எட்டுக் குடும்பம், என் கையெழுத்து.

சனிக்கிழமை அந்த வீட்டுக்குத் திரும்பப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உருமி மேல் கிடந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"எழுதினா வேடிக்கை பாக்க வருவாங்க. எழுதலன்னா காலி பண்ணச் சொல்வாங்க. நான் என்னதான் பண்றது?"

"தெரியலண்ணே. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

உள்ளிருந்து அவர் மனைவி வந்தார். "இருக்கறத எழுதட்டும் லா. வீட்டுக்குள்ள யாரும் வரக்கூடாதுன்னும் சேத்து எழுதுங்க தங்கச்சி." அதற்குத் தாளில் இடமில்லை. பின்பக்கத்தில் எழுதினேன்.

திங்கட்கிழமை அதை மேலதிகாரியிடம் நீட்டினேன்.

"முதல்ல ஏன் பொய்யா எழுதினீங்க?"

"அவர் பயந்தாரு சார். நானும் பயந்துட்டேன்."

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு அந்தத் துறைமுக ஊழியரும் வந்தார். மலாயில், தடுமாறித் தடுமாறிப் பேசினார். நாங்கள் காட்சிப்பொருள் இல்லை, இங்கே குடியிருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை பின்சந்தில் வாசிப்போம், அவ்வளவுதான் என்றார். யாரும் கைதட்டவில்லை. அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள்.

சில மாதங்கள் ஒவ்வொரு காலையும் பயத்தோடுதான் விடிந்தது. கடைசியில் வந்த திட்டத்தில் அந்த வரிசை குடியிருப்பாகவே இருந்தது. பின்சந்தில் மாலை ஆறு மணி வரை வாசிக்கலாம் என்று ஒரு வரியும் இருந்தது. என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது பாலம் தாண்டி ஜுருவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கிறேன்.

போன மாதம் அவர் மனைவி, அந்த அக்கா, போன் செய்தார். "வீட்டு ஓனரு ஆளுங்களோட வந்து எல்லா வீட்டையும் அளந்துட்டுப் போறாரு. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு." திட்டத்தாள் வீட்டு உரிமையாளரை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

அந்த ஞாயிறு பின்சந்துக்குப் போய் நின்றேன். பத்துப் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சந்துமுனையில் ஒரு கார் வந்து நின்றதும், வீட்டு உரிமையாளரோ என்று எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். கைகள் தளர்ந்தன. அக்காவின் கணவர் மட்டும் திரும்பாமல், இன்னும் வேகமாக வாசித்தார். கார் கதவு திறக்கவே இல்லை.